முடிவு வருமுன் ஒரு சாட்சி

முருகன்குறிச்சி, பாளையங்கோட்டை
14 ஜனவரி 2025

என் அன்புத் தங்கை கிறிஸ்டிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், மாடிக் கம்பியில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் புறாக்கள், எல்லோரும் கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருக்கிறோம். பெங்களூர்க் குளிரில் நீ ஸ்வெட்டர் போடுகிறாயா? போட மாட்டாய். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

கூப்பிடாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதே. ஆபரேஷன் முடிந்ததிலிருந்து போனில் நீ அழுகிறாய், நான் அதட்டுகிறேன், இரண்டு பேரும் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறோம். எழுதினால் நீ அழுவது எனக்குக் கேட்காது.

செய்தி என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சாட்சி சொன்னேன். வியாதிப்பட்டுச் சுகமானவர்கள் சபைக்கு முன்னால் எழுந்து நின்று நன்றி சொல்வது நம் வழக்கமாயிற்றே. நல்ல பட்டாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். "பெருங்குடலில் கட்டி இருந்தது. டிசம்பரில் அறுத்து எடுத்தார்கள். ஸ்கேனில் சுத்தம். கீமோகூடத் தேவையில்லை என்று டாக்டர் சிவகணேஷ் சொல்லிவிட்டார். என் சரீரத்தில் இன்றைக்கு அந்த வியாதியின் தூசிகூட இல்லை" என்றேன். மைக் எதற்கு எனக்கு? கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்து என் கூடவே திரியும் நம் கனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அதோடு நிறுத்தவில்லை. "என் தங்கச்சி பெங்களூரில், ரத்தத்தை வைத்தே புற்றுநோயைக் கண்டுபிடிக்கிற ஆய்வகத்தில் விஞ்ஞானி" என்றும் சொல்லிவிட்டேன். சாட்சிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அத்தான் வீட்டுக்கு வந்து கேட்டார். பெருமைக்குச் சம்பந்தம் வேறு வேண்டுமா?

நீ நச்சரித்ததால் போன வாரம் அந்த ரத்தத்தையும் கொடுத்து அனுப்பினேன். வெட்டி எடுத்த கட்டியிலிருந்து ஒரு துண்டை ஏற்கெனவே உங்களுக்கு அனுப்பிவிட்டதாக டாக்டர் சொன்னார். ஆளே சுகமான பிறகு ரத்தத்தில் என்னதான் தேடுவீர்களோ. தேடுங்கள். நல்ல ரத்தம், நெல்லை ரத்தம்.

உன் அக்கா,
பியூலா

பெங்களூர்
5 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சாட்சிக் கடிதத்தை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று உனக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். ஆகவே கூரியரில் அனுப்புகிறேன். உட்கார்ந்து முழுவதும் வாசி.

உன் ரத்தத்தில் அந்தக் கட்டியின் தடயம் இருக்கிறது, அக்கா.

எங்களிடம் ரத்தம் வரும் கண்ணாடிக் குழாய்களில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். என் சொந்தக்காரி என்பதால் உன் ரத்தத்தை நான் தொடவும் இல்லை. பரிசோதித்தவர் வேறு, கையெழுத்திட்டவர் வேறு. உன் டாக்டருக்கு அறிக்கை போய்விட்டது. அவர் உன்னைக் கூப்பிடுவார். அதற்கு முன்னால் என் வார்த்தை உன் கையில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என்ன தேடுவீர்கள் என்று கேட்டாயே. புற்று செல்கள் சாகும்போது அவற்றின் டி.என்.ஏ. துணுக்கு துணுக்காக ரத்தத்தில் கலக்கும். பெயர் எழுதாத விடைத்தாளைப் பார்த்தே இது எந்தப் பிள்ளையின் கையெழுத்து என்று நீ சொல்வாய் அல்லவா? அதே மாதிரி, வெட்டி எடுத்த கட்டியைப் படித்து அதன் கையெழுத்தை நாங்கள் தெரிந்துகொண்டோம். அந்தக் கையெழுத்து உன் ரத்தத்தில் கிடைத்திருக்கிறது. மிகவும் கொஞ்சம். ஆனால் இந்தத் துணுக்குகள் ரத்தத்தில் சில மணி நேரத்துக்கு மேல் நிற்காது. அறுவை முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகும் கிடைக்கிறதென்றால், இன்னமும் எங்கேயோ ஒளிந்திருந்து ஒன்று அவற்றை உதிர்த்துக்கொண்டிருக்கிறது. ஸ்கேன் கண்ணுக்கு அது தெரியாது, அவ்வளவு சின்னது.

நான் டாக்டர் இல்லை. ஆனால் கீமோ வேண்டும் என்றுதான் டாக்டர் சிவகணேஷ் சொல்வார் என்று நினைக்கிறேன். சின்னதாக இருக்கும்போதே அடித்துவிடலாம், அக்கா. அதற்காகத்தான் இந்த வேலையையே நான் செய்கிறேன்.

உன்
கிறிஸ்டி

பாளையங்கோட்டை
10 பிப்ரவரி 2025

கிறிஸ்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டாக்டரும் கூப்பிட்டார். நீ சொன்னதையேதான் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். முடியாது.

தூசிகூட இல்லை என்று முழுச் சபைக்கும் முன்னால் சொன்னவள் நான். சொல்லி ஒரு மாதம் ஆகவில்லை. இப்போது தலைமுடி கொட்டிக்கொண்டு, கையில் ஊசியோடு போய் நின்றால் என்ன சொல்வார்கள் தெரியுமா? ஒன்று இவள் சாட்சி பொய், இல்லாவிட்டால் இவள் விசுவாசம் பொய். மூன்றாவதாக ஒன்று நம் ஊரில் கிடையாது. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளர் நான். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கிறவளும் நான்தான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

எனக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது, பள்ளிக்கூடத்தில் இரண்டு மாடி ஏறி இறங்குகிறேன். இல்லாத வலியைக் குழாய்க்குள் தேடி எடுத்து என் தலையில் கட்டாதே. உன் ஆய்வகத்தைப் பற்றிச் சபையில் பெருமை பேசினேனே, அதற்கு நல்ல மரியாதை செய்துவிட்டாய்.

இப்படிக்கு,
திருமதி பியூலா தேவசிகாமணி, எம்.எஸ்ஸி., பி.எட்.,
தலைமையாசிரியை

பெங்களூர்
13 பிப்ரவரி 2025

தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கு,

பட்டங்களைப் போட்டுக் கையெழுத்திட்டால் நான் பயந்துவிடுவேன் என்று நினைத்தாயா? பயந்துவிட்டேன்தான். ஆனால் உன் பட்டங்களைக் கண்டு அல்ல.

ஜனவரியில் நீ சொன்னது பொய் இல்லை. அன்றைக்கு உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய். இப்போது கூடுதலாக ஒன்று தெரிந்திருக்கிறது. கணக்கு தப்பு என்று காட்டிய பிறகும், மையால் எழுதிவிட்டேன் டீச்சர், இனிமேல் மாற்ற மாட்டேன் என்று ஒரு பிள்ளை அடம்பிடித்தால் நீ என்ன செய்வாய்? காதைத் திருகுவாய். பெங்களூரிலிருந்து உன் காது எட்டவில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்பட்டாலும் பரவாயில்லை. சபைக்கு வேறு சாட்சி கிடைக்கும். எனக்கு வேறு அக்கா கிடைக்க மாட்டாள்.

கிறிஸ்டி

பாளையங்கோட்டை
22 பிப்ரவரி 2025

கிறிஸ்டிக்கு,

திங்கட்கிழமை போகிறேன். நாகர்கோவிலில். டாக்டர் சிவகணேஷே ஏற்பாடு செய்து கொடுத்தார். இங்கே திருநெல்வேலியில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நர்சம்மா என் பழைய மாணவியாக இருப்பாள், அரைமணி நேரத்தில் செய்தி ஆலயத்துக்குப் போய்விடும். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஊசி, இடையில் மாத்திரை, ஆகஸ்ட் வரைக்கும். இந்த மருந்தில் முடி அவ்வளவாகக் கொட்டாதாம். அதைக் கேட்ட பிறகுதான் சரி என்றேன் என்று அத்தான் கேலி செய்கிறார். நம்பாதே. பாதிதான் உண்மை.

ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது. அடிக்கடி எங்கே போகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

உன் கடைசி வரியை அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். எழுந்து போய்க் கொல்லையில் நின்றுகொண்டார். இப்படியெல்லாம் எழுதாதே.

பியூலா

பெங்களூர்
6 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி, பிறகு சண்டை.

மூன்று ஊசிக்குப் பிறகு எடுத்த ரத்தத்தின் முடிவு வந்துவிட்டது. முதல் ரத்தத்தில் கிடைத்த துணுக்குகளை நூறு என்று வைத்துக்கொண்டால், இப்போது எட்டுதான். மருந்து வேலை செய்கிறது, அக்கா! ஸ்கேனில் முதலிலும் ஒன்றும் தெரியவில்லை, இப்போதும் தெரியாது. மருந்து பலிக்கிறதா இல்லையா என்று இருட்டில் தடவ வேண்டியிருந்திருக்கும். ரத்தம் சொல்கிறது. இதைப் பார்த்ததும் நான் என் இருக்கையிலிருந்து எழுந்து நடந்தேன். எங்கே நடந்தேன் என்று எனக்கே தெரியவில்லை, கேன்டீனில் போய் நின்றேன்.

இனிமேல் சண்டை. போன வாரம் கனி அக்கா எனக்குப் போன் செய்தாள். எடுத்ததும் ஒரே அழுகை. "ஏட்டி கிறிஸ்டி, ஒனக்கா இப்படி வரணும்? கேட்டதுலருந்து எனக்குக் கஞ்சி எறங்கலட்டி. பைய எந்திரி, பைய நட. ஆபீசுக்கெல்லாம் போவாத. ஒங்க அக்கா பாவம், மூணு வாரத்துக்கு ஒருக்க ஒன்னப் பாக்க ஓடியாறா" என்கிறாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அடுத்த நாள் போதகரம்மா கூப்பிட்டு, வாராவாரம் ஜெபக் குறிப்பில் என் பெயரை வாசிப்பதாகச் சொன்னார்கள். இன்றைக்கு ஆய்வக விலாசத்துக்கே ஒரு பொட்டலம் வந்திருக்கிறது. பிரித்தால், காய வைத்த முள்சீத்தா இலை. கஷாயம் வைத்துக் குடித்தால் கேன்சர் போய்விடுமாம். கேன்சர் ஆய்வகத்துக்கு!

எனக்குக் கேன்சர் என்று சொல்லிவிட்டாயா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என் தட்டுதான் கிடைத்ததா உனக்கு?

முதலில் சிரித்தேன். என்னோடு வேலை செய்பவர்களும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. அத்தனை பேர் முழங்கால் போட்டு ஜெபிக்கிறார்கள். அந்த ஜெபம் யாருக்கு வேண்டும்? குளிர்ந்த கம்பியைத் தொட்டால் கை சுரீரென்கிறது என்று போன மாதம் எழுதினாயே, உனக்குத்தான் வேண்டும். உனக்கு வர வேண்டியதை நீயே திருடி என் பெயரில் போட்டுவிட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கிறிஸ்டி

பாளையங்கோட்டை
18 மே 2025

அன்புத் தங்கைக்கு,

எட்டு என்ற செய்தியை முதலில் வாசித்தேன். பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் தனியாகக் கிழித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். சண்டைப் பக்கம் அலமாரியில் கிடக்கிறது.

நான் கேன்சர் என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. "தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றுதான் சொன்னேன். மீதியைக் கனி ஒட்ட வைத்துவிட்டாள். நானும் மறுக்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும், விடேன்.

விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது. பேனா பிடித்தால் பிடித்திருக்கிறேனா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்த அக்னி வெயிலில் ஊரே ஐஸ் தண்ணீர் குடிக்கும்போது நான் வெந்நீர் குடிக்கிறேன். தொண்டையில் சளி பிடித்திருக்கிறது என்கிறேன். ஆலயத்தில் என்னோடு பாடும் பாடகர் குழுவில் எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

நீ திருட்டு என்று எழுதியதை மட்டும் என்னால் கடந்து போக முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போதகர் உன் பெயரை வாசித்தபோது எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். அதைச் சொன்ன பிறகு ஒரு பாட்டுக்கும் எனக்கு வாய் திறக்கவில்லை.

பொறு. கொஞ்சம் பொறு.

அக்கா

பெங்களூர்
8 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லா ஊசியும் முடிந்த பிறகு எடுத்த ரத்தம் இன்றைக்கு இங்கே வந்து சேர்ந்தது. வழக்கம்போல நான் தொடவில்லை. முடிவு எப்போது வரும் என்று பக்கத்து மேசையில் இருப்பவரை நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவர் என்னைக் கண்டால் வேறு வழியாகப் போகிறார்.

இந்த முறை கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். தெரிந்த நிமிஷமே கூப்பிடுவேன். நல்லதென்றாலும் கெட்டதென்றாலும் முதலில் என் வாயால் கேள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். நல்ல முடிவு வந்தால் நாங்கள் "காணப்படவில்லை" என்றுதான் எழுதுவோம். "இல்லவே இல்லை" என்று எழுத மாட்டோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி பார்க்க வேண்டும். தூசிகூட இல்லை என்று சொல்ல எங்களுக்குத் தைரியம் கிடையாது.

அன்புடன்,
கிறிஸ்டி

பாளையங்கோட்டை
14 செப்டம்பர் 2025, ஞாயிறு

என் கிறிஸ்டிக்கு,

நேற்றுச் சாயங்காலம் நீ கூப்பிட்டாய். நான் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாய். "ஏ பிள்ள, எடேன். எனக்கு நெஞ்சு படபடங்குது" என்று அத்தான் பின்னாலேயே வந்தார். போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன். அவர் போனையும் பிடுங்கிக்கொண்டேன். பாவம், ராத்திரி சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. கோபத்தில் எடுக்காமல் இருக்கவில்லை, கிறிஸ்டி. என்னை எனக்குத் தெரியும். நல்ல முடிவைக் கேட்டுவிட்டுச் சபையில் எழுந்து நின்றால் அது இன்னொரு ஜனவரியாகப் போய்விடும். கெட்ட முடிவைக் கேட்டால் நான் எழுந்திருக்கவே மாட்டேன்.

ஆகவே ஒன்றும் தெரியாமலே இன்றைக்கு ஆலயத்துக்குப் போனேன்.

போதகர் ஜெபக் குறிப்பை வாசித்தார். "பெங்களூரில் சுகவீனமாயிருக்கும் நமது சகோதரி கிறிஸ்டி" என்று வந்ததும் எழுந்துவிட்டேன். "ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். சபை நடுவில் அப்படி யாரும் பேசுவதில்லை. பாடகர் குழுவிலிருந்து இறங்கி முன்னால் போனேன்.

"கிறிஸ்டிக்கு ஒன்றும் இல்லை. நோயாளி நான்தான்" என்றேன். "ஜனவரியில் சுத்தம் என்று இங்கேதான் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அன்றைக்கு அவ்வளவுதான். ஸ்கேனுக்கும் தெரியாததை என் தங்கச்சியின் ஆய்வகம் என் ரத்தத்தில் கண்டுபிடித்தது. ஆறு மாதம் நாகர்கோவிலில் கீமோ எடுத்தேன். வெட்கப்பட்டு உங்களிடம் பொய் சொன்னேன். சுகமாகிவிட்டேனா என்று எனக்கு இந்த நிமிஷம் தெரியாது. கர்த்தர் நல்லவர் என்று மட்டும் தெரியும். அதைச் சொல்ல முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று எழுந்தேன்."

அவ்வளவுதான் பேசினேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைச் சொல்லி ஜெபித்தார். என் பெயரைச் சொல்லி, கிறிஸ்டி! அதைக் கேட்டதும் எனக்கு அடக்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் அழுதேன். தலைமையாசிரியை அழுவதைச் சின்னப் பிள்ளைகளெல்லாம் திரும்பிப் பார்த்தன.

ஆராதனை முடிந்ததும் சிலர் கை கொடுக்காமல் போனார்கள். சபை மூப்பர் ஒருவர், "அப்போ ஜனவரில சொன்னதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டார். "வந்த நன்மைக்கு நன்றி சொன்னேன் அண்ணாச்சி. அதை இப்பவும் வாபஸ் வாங்கல" என்றேன்.

கனிதான் வாசலில் வழிமறித்தாள். முகம் சிவந்து கிடந்தது. "ஏட்டி பியூலா, அப்போ நான் வெள்ளிக்கெழமதோறும் உபவாசம் இருந்தது யாருக்கு?" என்றாள். எனக்குத்தான் என்றேன். "நான் அந்தப் பிள்ளைக்குன்னுல்லா ஒரு நேரம் பட்டினி கெடந்தேன்! ஒனக்குன்னு தெரிஞ்சிருந்தா ரெண்டு நேரமும் கெடந்திருப்பேன்லாட்டி" என்று சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். திருட்டு என்று நீ எழுதியது எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது.

அதற்குள் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லாருக்கும் உன்னிடம் ரத்தம் கொடுக்க வேண்டுமாம். நோயில்லாதவர்களுக்கு இல்லை, கட்டியை எடுத்த பிறகு மிச்சம் இருக்கிறதா, மருந்து கேட்கிறதா என்று பார்ப்பது இது என்று வெயிலில் நின்று விளக்கினேன். விடைத்தாள், கையெழுத்து எல்லாம் சொன்னேன். நீ சொன்னதைவிட நான் நன்றாகவே சொன்னேன் என்று அத்தான் சொல்கிறார். "பியூலா தங்கச்சியா இத கண்டுபிடிச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். ஆய்வகத்தில் நிறையப் பேர், அவளும் ஒருத்தி என்று சரியாகத்தான் சொன்னேன். மனதுக்குள் மட்டும், ஆமாம் என் தங்கச்சிதான் என்று சொல்லிக்கொண்டேன். ஜனவரியில் உன்னைப் பற்றிப் பேசியது வாய்ப் பெருமை. இன்றைக்கு அந்தப் பெருமை உடம்பெல்லாம் இருக்கிறது.

இப்போது மணி இரண்டு. சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன். இதை ஒட்டி அத்தானிடம் கொடுப்பேன். அவர் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிய பிறகு உன்னைக் கூப்பிடுவேன். இருக்கிறது என்று நீ சொன்னால் மறுபடி மருந்துக்குப் போவேன், இந்த முறை திருநெல்வேலியிலேயே, என் மாணவி கையாலேயே ஊசி போட்டுக்கொள்வேன். காணவில்லை என்று சொன்னால் மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுப்பேன், கனியைக் கூட்டிக்கொண்டு போய்க் கொடுப்பேன். நீ எதைச் சொன்னாலும் இந்தக் கடிதத்தில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியிருக்காது.

அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். வைக்கிறேன்.

உன் அக்கா,
பியூலா